பெயர் ஒன்று, சரக்கு இரண்டு

நத்தம் வட்டாரத்தில் சட்டை தைத்து விற்கும் தொழிலதிபர் ஒருவரிடம் சென்று, "பருத்திச் சட்டைக்கும் கலப்புத் துணிச் சட்டைக்கும் ஒரே லேபிளைத் தைத்து, ஒரே பெட்டியில் வைத்து, ஒரே பெயரால் விற்கலாமா?" என்று கேட்டால், அவர் என்ன பதில் கூறுவார்? "ஒரு தீபாவளிக்கு விற்கலாம், மறு தீபாவளிக்கு நம்முடைய கடைப் படியை ஒருவரும் மிதிக்க மாட்டார்கள்" என்றே கூறுவார். காஜா எடுப்பவருக்கும் பட்டன் கட்டுபவருக்கும்கூடத் தெரிந்த இந்தச் சாதாரண வியாபார தர்மம், உலகத்திலேயே பெரும்பணம் படைத்த கம்ப்யூட்டர்ச் சில்லுக் கம்பெனிகளுக்குத் தெரியாமற் போனது விந்தையிலும் விந்தையாகும்.

நாம் இங்கே பிரஸ்தாபிப்பது கம்ப்யூட்டரில் பொருத்தப்படும் கிராபிக்ஸ் கார்டு என்னும் சாமானைப் பற்றி. அதிலும், லட்ச ரூபாய்க்கு விற்கும் உயர்ந்த ரகத்தைப் பற்றியன்று. சில ஆயிரம் ரூபாயைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்துச் சாமானிய ஜனங்கள் வாங்கும் மலிவு ரகத்தைப் பற்றி. "இது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் அல்லவா? தலையங்கத்துக்கு ஏற்ற விஷயமா?" என்று சிலர் கேட்கக்கூடும். அவ்வாறு கேட்போர் காலத்தின் மாறுதலைக் கவனிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் ஸ்டூடியோக்காரருக்கு இது தொழிற் கருவி. மாசித் திருவிழாவுக்கும் கடைத் திறப்புக்கும் பிளெக்ஸ் பலகை வரைந்து கொடுப்பவருக்கும் அப்படியே. கட்டிடத்தையும் இயந்திரத்தையும் கம்ப்யூட்டரில் வரைந்து பழகவேண்டிய பொறியியல் மாணாக்கனுக்கு இது பாடப் புஸ்தகத்துக்குச் சமானம். அவனுடைய தாயார் சட்டைக் கம்பெனியில் பீஸ் கணக்கில் உழைத்துச் சேர்த்த பணம் அந்தக் கார்டின் விலையாகப் போகிறது. அப்பணம் வீணாவது சிறிய விஷயமென்று நாம் கருதவில்லை.

நத்தத்தில் இருப்பவர் இச்சாமானைப் பரீட்சித்துப் பார்த்து வாங்குவதற்கு வழியில்லை. திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பஸ் ஏறவேண்டும். அல்லது சென்னை ரிச்சி தெருவின் விலையை விசாரித்துப் பார்சலில் வரவழைக்க வேண்டும். அல்லது இணையக் கடைகளில் படத்தைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும். மூன்று வழியிலும் அவர் நம்பியிருப்பது பெயர் ஒன்றையே. அந்தப் பெயரே பொய்த்துப் போகுமானால் அவருடைய கதி என்ன?

கிராபிக்ஸ் கார்டின் சக்தி முக்கியமாக இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, அதிலுள்ள கணக்குப் போடும் உறுப்புகளின் தொகையும் வேகமும். மற்றொன்று, அந்த உறுப்புகளுக்கும் மெமரி என்னும் கிடங்குக்கும் நடுவேயுள்ள பாதை. மாம்பழச் சீசனில் தோப்பில் எத்தனை ஆட்கள் பறித்தாலும், சந்தைக்குப் போகும் பாதை ஒற்றையடிப் பாதையாக இருந்தால் பழம் தோப்பிலேயே கிடந்து அழுகும் அல்லவா? அது போலவே, பாதை குறுகினால் எத்தனை கணக்கு உறுப்புகள் இருந்தும் பிரயோஜனமில்லை. கடைக்காரர் சொல்லும் "2 ஜிபி", "4 ஜிபி" என்பதெல்லாம் கிடங்கின் கொள்ளளவு மட்டுமே. பாதையின் அகலத்தை அது சொல்வதில்லை. ஏமாற்றத்துக்கு இடங்கொடுப்பது இந்த இடந்தான்.

இனி உதாரணங்களைப் பார்ப்போம். என்விடியா கம்பெனியார் 2017ஆம் வருஷம் மே மாதத்தில் ஜிடி 1030 என்ற மலிவுக் கார்டை வெளியிட்டனர். அதில் ஜிடிடிஆர்5 என்னும் வேகமான மெமரி இருந்தது. அதன் பாதையில் விநாடிக்கு 48 ஜிபி செல்லும். விலைக்கேற்ற நல்ல சரக்கு என்று பெயரும் பெற்றது. மறு வருஷமே, 2018இல், அதே ஜிடி 1030 என்ற பெயரால், டிடிஆர்4 என்னும் சாதாரண மெமரி பூட்டிய மற்றொரு கார்டு சந்ததியின்றிச் சந்தைக்கு வந்தது. அதில் விநாடிக்குச் செல்வது 16.8 ஜிபி மட்டுமே. அதாவது, முன்னதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கணக்கு உறுப்புகள் இரண்டிலும் 384 தான். ஆயினும் பாதை ஒடுங்கிவிட்டது. அமெரிக்காவிலுள்ள கேமர்ஸ் நெக்ஸஸ் என்னும் பரிசோதனைக் குழுவினர் இரண்டையும் ஒப்பிட்டபோது, பல விளையாட்டுகளில் பின்னது முன்னதில் பாதி வேகத்தையே காட்டிற்று. பாதிப் பலன் தரும் பொருளுக்கு முழுப் பெயரைச் சூட்டியதற்கு என்ன நியாயம் கூறுவது?

இது புதிய வழக்கமுமன்று. அதே கம்பெனியார் 2014ஆம் வருஷம் வெளியிட்ட ஜிடி 730 என்ற பெயருக்குள் மூன்று சரக்குகள் அடங்கியிருந்தன. ஒன்றில் 96 கணக்கு உறுப்புகளும், மற்ற இரண்டில் 384ம் இருந்தன. மெமரிப் பாதையோ முறையே விநாடிக்கு 28.8, 40, 14.4 ஜிபி என்று மூன்று விதம். முதற் சரக்கில் இருந்த சில்லு முந்திய தலைமுறையைச் சேர்ந்த பழைய சில்லு. இம்மூன்றுக்கும் பெயர் ஒன்றே! நெல்லென்றும் பதரென்றும் உமியென்றும் பிரித்துச் சொல்லாமல் "ஒரு மூட்டை" என்று விற்பதற்கு ஒப்பாகும் இது.

போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி.யாரும் இக்குற்றத்திலிருந்து தப்பியவர்களல்லர். 2017இல் 1024 கணக்கு உறுப்புகளுடன் வந்த ஆர்எக்ஸ் 560, சில மாதங்களில் 896 உறுப்புகளுடனும் அதே பெயரால் விற்கப்பட்டது. பத்திரிகைகள் கண்டித்த பின், அந்த வருஷம் டிசம்பரில், பெட்டியிலும் விளம்பரத்திலும் வித்தியாசத்தைத் தெளிவாகக் குறிக்கும்படி கார்டு செய்வோருடன் சேர்ந்து ஏற்பாடு செய்வதாகக் கம்பெனியார் அறிவித்தனர். அதற்கு மறு வருஷமே, 2304 உறுப்புகளுள்ள ஆர்எக்ஸ் 580இன் பெயரை, 2048 உறுப்புகளுள்ள ஒரு சரக்குக்கும் சூட்டினர். அது உண்மையில் கீழ்ப்படியிலுள்ள ஆர்எக்ஸ் 570க்கு ஒப்பானதே. பெயரின் கடைசியில் "2048எஸ்பி" என்ற வால் ஒன்று சேர்க்கப்பட்டது என்பது மெய். ஆனால் கடைப் பேச்சில் அந்த வால் அறுந்து போய் "580" என்பதே நிற்கிறது என்பதை யார் அறியார்?

சமீப காலத்திலும் நிலைமை திருந்தியதாகத் தெரியவில்லை. 2022 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இல் 2560 கணக்கு உறுப்புகளும், 8 ஜிபி மெமரியும், விநாடிக்கு 224 ஜிபி செல்லும் பாதையும் இருந்தன. 2024 பிப்ரவரியில் அதே பெயரால் வந்ததில் உறுப்புகள் 2304. மெமரி 6 ஜிபி. பாதை 168 ஜிபி. "6 ஜிபி" என்று கேட்பவர் மெமரி சிறிது குறைவு என்று மட்டுமே எண்ணுவார். உறுப்பும் பாதையும் சேர்ந்து குறைந்திருப்பதை அவர் எவ்விதம் அறிவார்? இதைச் சொல்லும்போது ஒரு நியாயத்தையும் நாம் மறைக்கக் கூடாது. முன்னதற்கு 130 வாட் மின்சாரம் வேண்டும். பின்னதற்கு 70 வாட் போதும். தனி மின்கம்பி இல்லாமலே பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் பொருத்திவிடலாம். அவ்வகையில் அது உபயோகமான சரக்கே. சரக்கு கெட்டதென்று நாம் கூறவில்லை. அதற்கு வேறு பெயர் வைத்திருக்க வேண்டுமென்றே கூறுகிறோம்.

"இவ்வளவும் வியாபாரத்தில் சகஜம், கேட்டு என்ன பயன்?" என்று சோர்வடைவோர் இரண்டு சம்பவங்களை நினைவில் வைப்பது நலம். 2022 செப்டம்பரில் என்விடியா கம்பெனியார் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற உயர்ந்த ரகக் கார்டை 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டாக அறிவித்தனர். முன்னதில் 9728 கணக்கு உறுப்புகள், பின்னதில் 7680. உலகமெங்கும் கண்டனம் எழுந்தது. ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 14ந் தேதி, 12 ஜிபி கார்டுக்கு அப்பெயர் பொருந்தாதென்று கம்பெனியாரே ஒப்புக்கொண்டு அதை வாபஸ் வாங்கினர். 2023 ஜனவரியில் அது வேறு பெயருடன், குறைந்த விலைக்கு வந்தது. இதற்கும் முன்னர், 2014இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 970 கார்டின் 4 ஜிபி மெமரியில் அரை ஜிபி மிகவும் மெதுவானது என்று வெளிப்பட்டபோது, அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2016இல் ஒவ்வொரு கார்டுக்கும் 30 டாலர் கொடுக்கக் கம்பெனியார் இசைந்தனர்.

இந்த இரண்டு சம்பவங்களும் நமக்குப் போதிக்கும் பாடம் யாது? ஆயிரம் டாலர்க் கார்டுக்கு அநியாயம் நேர்ந்தால் உலகம் கூக்குரலிடுகிறது, கம்பெனி செவிசாய்க்கிறது. எழுபது, எண்பது டாலர்க் கார்டுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் நேர்ந்தபோது, கண்டித்து எழுதிய சிலருடைய குரல் காற்றோடு போயிற்று. பணக்காரன் ஏமாந்தால் அது செய்தி. ஏழை ஏமாந்தால் அது அவனுடைய அறியாமை! இந்தப் பாரபட்சத்தையே நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

சட்டமும் கம்பெனியும் திருந்தும் வரையில் வாங்குகிறவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கார்டுகளின் தாரதம்மியத்தை நிர்ணயிக்க விளையாட்டின் வேகம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது தவறு. தமக்கு என்ன வேலை, தம்முடைய கம்ப்யூட்டர் எத்தகையது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கல்யாண வீடியோ வேலையை எடுத்துக்கொள்வோம். முடிந்த படத்தைச் சுருக்கி எழுதித் தருவதற்கு என்கோடர் என்ற தனி உறுப்பு கார்டில் இருந்தால் மணிக்கணக்கான வேலை நிமிஷக் கணக்கில் முடியும். ஜிடி 1030இன் இரண்டு சரக்கிலும் இவ்வுறுப்பு இல்லை. 2022இல் 199 டாலர் விலை கூறி வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியிலும் இல்லை. அதன் தம்பியாகிய ஆர்எக்ஸ் 6400இலும் இல்லை. விளையாட்டில் 6500 எக்ஸ்டிக்குப் பின்தங்கும் இன்டெல் ஆர்க் ஏ380 கார்டிலோ, ஏவி1 என்ற புதிய முறை உட்பட எல்லா முறைகளுக்கும் என்கோடர் உண்டு. ஆகவே ஒருவனுக்கு மேலான கார்டு மற்றொருவனுக்குக் கீழானதாகலாம்.

கம்ப்யூட்டரின் வயதும் கவனிக்கற்பாலது. 6500 எக்ஸ்டியும் 6400ம் தாய்ப்பலகையுடன் பேசுவதற்கு நான்கே தடங்கள் கொண்டவை. நான்காம் தலைமுறைப் பிசிஐ வசதியுள்ள புதிய பலகையில் அது போதும். மூன்றாம் தலைமுறைப் பலகையில் தடத்தின் வேகம் பாதியாகிவிடுவதால் கார்டு திணறுகிறது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களே மலிவுக் கார்டைத் தேடுகிறார்கள். அந்தக் கார்டு புதிய கம்ப்யூட்டரிலேதான் நன்றாக உழைக்கும் என்றால், செருப்புக்கு ஏற்பக் காலை வெட்டிக்கொள்ளச் சொல்வது போலன்றோ இருக்கிறது! ஏ380க்கும் இவ்விதக் குறை உண்டு. ரீசைசபிள் பார் என்னும் வசதி இல்லாத பழைய பலகையில் அது விளையாட்டுகளில் தன் சக்தியைக் காட்டாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெப்ளர் என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஜிடி 710, ஜிடி 730 கார்டுகளுக்கு 2021க்குப் பிறகு புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வருவதில்லை; பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பருடன் நின்றுவிட்டன. ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ முதலியவற்றுக்குச் சாதாரண டிரைவர் 2025 அக்டோபருடன் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் மாத்திரம் 2028 அக்டோபர் வரை உண்டு. பெட்டி புதிதாயிருக்கலாம், உள்ளேயிருப்பது ஆதரவற்ற சரக்கு என்பதைப் பெட்டி சொல்லாது. சில சமயங்களில் கார்டே வாங்காதிருப்பதுதான் புத்திசாலித்தனம். 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி பிராசஸரின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், இரண்டு மெமரிக் குச்சிகளைச் சேர்த்துப் போட்டால், நல்ல ஜிடி 1030க்கு ஒப்பாக நிற்கும். பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்தில்லாத இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றில் வீடியோ என்கோடரும் உள்ளேயே இருக்கிறது. கையிலிருப்பதை அறியாமல் கடைக்கு ஓடுவது கூடாது.

பழைய கார்டு வாங்குவோர் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளில் பொய்யான பெயரைப் பதித்து, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கும் மோசடி வெகுகாலமாக நடந்து வருகிறது. ஜிபியு-இசட் என்ற இலவசப் புரோகிராமில் இத்தகைய போலியைக் கண்டுபிடிக்கும் வசதி 2018 முதல் இருக்கிறது. மெமரியின் வகை, பாதையின் அகலம், உறுப்புகளின் தொகை எல்லாம் அதில் தெரியும். பணம் கொடுக்குமுன் அதை ஓட்டிக் காட்டச் சொல்லும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. காட்ட மறுக்கும் கடையிலிருந்து வெறுங்கையுடன் திரும்புவதே லாபம்.

கம்பெனியார் சார்பில் கூறப்படும் சமாதானங்களையும் நாம் ஆராயாமலில்லை. "மெமரியின் விலை ஏறும்போது மலிவு மெமரியைப் போட வேண்டியிருக்கிறது, இல்லையேல் ஏழைக்குக் கார்டே கிடைக்காது" என்பது ஒன்று. மலிவு மெமரியைப் போடட்டும். அதற்கு ஜிடி 1020 என்றோ 1025 என்றோ பெயரிடுவதை யார் தடுத்தார்? எண்களுக்கா உலகத்தில் பஞ்சம்? "பெட்டியின் ஓரத்தில் டிடிஆர்4 என்று அச்சிட்டிருக்கிறதே" என்பது மற்றொன்று. பெரிய எழுத்தில் ஒன்றைச் சொல்லி, அதைச் சிறிய எழுத்தில் மறுப்பது உண்மை பேசுவதாகாது. தவிரவும், இதனால் நஷ்டமடைவது வாங்குகிறவர் மாத்திரமல்ல. விவரம் தெரியாமலே பெயரைப் பார்த்துச் சரக்கெடுத்த சிறு கடைக்காரரும் வாடிக்கைக்காரரின் சாபத்துக்கு ஆளாகிறார்.

சர்க்கார் இதில் கை கட்டி நிற்பதற்கில்லை. ஒவ்வொரு கார்டின் விலையிலும் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. வசூலாகிறது; நல்ல சரக்கென்றும் குறைந்த சரக்கென்றும் வரிக்குப் பேதமில்லை. வரி வாங்கும் கைக்குக் காக்கும் கடமையும் உண்டு. 2019ஆம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, சக்தி, விலை ஆகியவற்றை அறிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை என்று கூறுகிறது. பெட்டிச் சரக்குகளைப் பற்றிய 2011ஆம் வருஷத்து எடையளவு விதிகளோ, இறக்குமதி செய்தவர் பெயரையும் உச்ச விலையையும் அச்சிடச் சொல்கின்றனவே தவிர, கார்டின் உள்ளிருப்பைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவில்லை. குளிர்பதனப் பெட்டியின் மின்செலவைப் பாமரரும் அறியும்படி நட்சத்திரம் ஒட்டும் முறையை 2006 முதல் இந்நாட்டில் நடத்திக் காட்டியிருக்கிறோம். அதே முறை இதற்கு மட்டும் ஏன் ஆகாது?

ஆகவே நாம் கோருவது நான்கே வரிகள். ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டுப் பெட்டியின் முகப்பிலும், இணையக் கடையின் விலைப் பக்கத்திலும், மெமரியின் வகையும் விநாடிக்குச் செல்லும் அளவும். கணக்கு உறுப்புகளின் தொகை. பலகைத் தடங்களின் தொகையும் தலைமுறையும். டிரைவர் ஆதரவு முடியும் வருஷம் ஆகிய நான்கையும், பெயர் அச்சிடப்பட்ட அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டுமென்று மத்திய சர்க்கார் விதி செய்யட்டும். இச்சில்லுகள் பெரும்பாலும் தைவானிலும் தென் கொரியாவிலும் உருவாகி இறக்குமதியாகின்றன. இறக்குமதியாளர் பெயர் பெட்டியில் இருப்பதால், விதியை மீறினால் யாரைப் பிடிப்பது என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை.

நம் வட்டாரத்தாருக்கும் ஒரு வார்த்தை. பில் எழுதும்போது "கிராபிக்ஸ் கார்டு 1" என்று எழுத விடாதீர்கள். மெமரி வகையுடன் முழுப் பெயரையும் எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுத்த சரக்குக்கு மாறான சரக்கு வந்தால் 1915 என்ற நுகர்வோர் எண்ணில் முறையிடலாம். திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சரக்குக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. நத்தத்திலுள்ள என்.பி.ஆர். பொறியியல் கல்லூரியும், காந்திகிராமப் பல்கலைக்கழகமும், சந்தையில் விற்கும் மலிவுக் கார்டுகளைத் தங்கள் மாணாக்கரைக் கொண்டு பரீட்சித்து, முடிவைத் தமிழில் வெளியிடுமானால் அது பெரிய ஜனசேவையாகும். மாணாக்கருக்கும் அதைவிட நல்ல பாடம் வேறில்லை.

ஏழைக்கு மலிவான பொருள் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் மலிவு என்பது விலையில் இருக்கவேண்டுமே தவிர, உண்மையில் இருக்கக் கூடாது. சட்டைக்கு ஒரு நியாயமும் சில்லுக்கு ஒரு நியாயமும் உலகத்தில் இல்லை. உள்ளே இருப்பதையே பெட்டியின் மேலும் எழுதும் நாள் வரும் வரையில், வாங்குகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டதனால் 4080இன் பெயர் மாறியது. கேட்டால் 1030இன் பெயரும் மாறும்.